மளிகைக் கடையும் விலைக் கட்டுப்பாடும் – ஒரு வரலாற்று நோக்கு

வரலாறு என்றவுடன் நம் மாணவர்களின் நினைவுக்கு வருவன அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே ஆகும். ஆனால் ஒரு நாட்டு மக்கள் எவ்வாறு வாழ்ந்தார்கள் என்பதை அறிய விரும்புவோர் அரண்மனைக்குள் நுழைவதற்கு முன் மளிகைக் கடைக்குள் நுழைதல் வேண்டும். உப்பு முதல் கற்பூரம் வரை விற்கும் அக்கடையின் தராசிலும் கணக்கேட்டிலும் ஏழை மக்களின் வாழ்வு நாள்தோறும் நிறுக்கப்பட்டு வந்திருக்கிறது. அத்தராசின் மீதும் கணக்கேட்டின் மீதும் அரசாங்கம் எப்பொழுது கை வைத்தது, ஏன் வைத்தது, அதனால் யாருக்கு என்ன நன்மை விளைந்தது என்பதை நம் மலேசிய நாட்டு வரலாற்றினின்று எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரசாங்கம் கடை விலையில் தலையிடும் முறைகள் பல இருப்பினும், அவற்றை இரண்டு வகைக்குள் அடக்கிவிடலாம். ஒன்று, 'இப்பொருளை இவ்விலைக்கு மேல் விற்கக் கூடாது' என்று விலையை நிர்ணயித்தல். மற்றொன்று, 'நீ விற்கும் விலையையும் எடையையும் வாங்குவோர் கண்ணில் படும்படி காட்டு' என்று கட்டளையிடுதல். முன்னது விலையைக் கட்டுகிறது. பின்னது விலையைக் காட்டுகிறது. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதைத் தெளிந்தால் மட்டுமே இவ்வரலாறு விளங்கும்.

பழமையான வழக்கம்

விலைக் கட்டுப்பாடு இக்காலத்துப் புதுமை அன்று. வணிகத்தைக் கண்காணிப்பதற்கெனத் தனி அதிகாரியை வகுத்துக் கூறும் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம், உள்நாட்டுச் சரக்குக்கு நூற்றுக்கு 5 என்றும் வெளிநாட்டுச் சரக்குக்கு நூற்றுக்கு 10 என்றும் வணிகரின் ஊதியத்தை வரையறுக்கிறது. உரோமப் பேரரசன் டயோகிளிசியன் கி.பி. 301-ஆம் ஆண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களுக்கும் கூலிகளுக்கும் உச்ச விலை விதித்து, மீறுவோர்க்கு மரண தண்டனை என்றும் அறிவித்தான். அவ்வாணையால் விலை குறையவில்லை. சரக்குகள் சந்தையை விட்டு மறைந்தன. ஆணையும் நாளடைவில் வழக்கொழிந்தது. நம் சங்க இலக்கியமாகிய பட்டினப்பாலையோ அரசன் ஆணையைப் பேசாமல், காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுவுநிலை நெஞ்சத்தைப் போற்றுகிறது. சட்டத்தால் அடக்குவதா, சான்றாண்மையை நம்புவதா என்னும் கேள்வி அன்றே எழுந்துவிட்டது எனலாம்.

அரிசிக்குக் கையேந்திய நாடு

மலாயாவின் நிலை தனித்தன்மை வாய்ந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் இந்நாடு ஈயத்தையும் இரப்பரையும் ஏற்றுமதி செய்து, தான் உண்ணும் அரிசியில் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் இறக்குமதி செய்தது. காடுகளை அழித்து இரப்பர் நட்ட நம் முன்னோர் உண்ட சோறு கடல் கடந்து வந்த சோறு ஆகும். எனவே கப்பல் வராவிடின் கடையில் விலை ஏறும். விலை ஏறின் இலயத்தில் அடுப்பு எரியாது.

இவ்வுண்மை முதன்முதலில் வன்மையாக உணரப்பட்டது 1919-ஆம் ஆண்டில் ஆகும். முந்திய ஆண்டில் இந்தியாவில் பருவமழை பொய்த்தது. பர்மா அரிசி இந்தியாவுக்கே தேவைப்பட்டது. சயாமும் 1919-இல் அரிசி ஏற்றுமதியைத் தடுத்தது. மலாயாவில் அரிசி விலை கடுமையாக உயர்ந்தது. அதுவரை வாணிகத்தை வணிகர் கையில் விட்டிருந்த அரசாங்கம், அரிசியைத் தானே தருவித்து, அடக்க விலைக்கும் குறைவாக விற்று, பகிர்ந்தளிக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டியதாயிற்று. விலையை மட்டும் கட்டினால் போதாது, சரக்கையும் கையில் வைத்திருத்தல் வேண்டும் என்ற பாடத்தை அரசாங்கம் அன்று கற்றது.

தோட்டக் கடையும் பற்றுக் கணக்கும்

நகரத்து நிலை இவ்வாறிருக்கத் தோட்டத்து நிலை வேறாக இருந்தது. 1920-களில் தோட்டத் தொழிலாளரின் ஊதியத்தை நிர்ணயித்தபோது, ஒரு குடும்பத்தின் மாதச் சாமான் செலவைக் கணக்கிட்டே அதனை நிர்ணயித்தார்கள். போக்குவரத்து வசதி மிக்க தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று வகுக்கப்பட்டது. அரிசி, பருப்பு, உப்பு, மிளகாய் என்று பட்டியலிட்டுக் கூலி வகுத்தவர்கள், அந்த விலைக்குத்தான் தொழிலாளிக்குச் சாமான் கிடைக்கிறதா என்று கடைக்குச் சென்று நாள்தோறும் பார்த்துக் கொண்டிருக்க இயலவில்லை.

நகரத்திலிருந்து பல கல் தொலைவில் செம்மண் சாலையின் ஓரத்தில் இருந்த ஒரே கடைதான் தோட்டத்து மக்களின் கடை. அங்கே கையில் காசு கொடுத்து வாங்கியவர் மிகச் சிலர். மற்றவரெல்லாம் மாதம் முழுவதும் பற்று வைத்து வாங்கிச் சம்பள நாளன்று கணக்குத் தீர்த்தவர்களே. தீர்ந்ததும் மறுநாளே புதுப் பற்றுத் தொடங்கும்.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. ஊதியத்தை நாட்டின் செல்லுபடியாகும் நாணயத்தில் கொடுத்தல் வேண்டும் என்றும், அவ்வூதியத்தை எங்கே, எவ்வாறு, யாரிடம் செலவிட வேண்டும் என்று முதலாளி நிபந்தனை விதித்தால் அது செல்லாது என்றும் அச்சட்டம் கூறியது. தொழிலாளியின் கூலியைச் சீட்டாகவோ சரக்காகவோ முடக்கிவிடும் கொடுமைக்கு இது தடையாக அமைந்தது. எனினும் பற்றுக் கணக்கைச் சட்டம் தடுக்கவில்லை, தடுக்கவும் இயலாது. வேறு கடைக்குப் போகும் உரிமை ஏட்டில் இருந்தது. போவதற்குப் பேருந்தும் கையில் காசும் இல்லை.

இதனை நான் நூலில் மட்டும் படித்தவன் அல்லன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு 11 வயதிருக்கும்போது, எங்கள் வீட்டுப் பற்றுக் கணக்கைச் சரிபார்க்கும் பொறுப்பைத் தந்தையார் என்னிடம் ஒப்படைத்தார். அட்டையில் 555 என்னும் எண் அச்சிட்ட சிறு குறிப்பேடு அது. கடைக்காரர் எழுதியிருந்த தொகைகளைச் சம்பளத்திற்கு முதல்நாள் இரவு விளக்கடியில் அமர்ந்து கூட்டுவேன். இரண்டு முறை கூட்டுவேன். "கணக்குச் சரியாக இருக்கிறது, அப்பா" என்று நான் கூறும்போது அவர் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சியை இன்றும் மறவேன். தம் பிள்ளை படித்ததன் பயனை அவர் அந்த நொடியில் கண்டார்.

பின்னாளில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கணக்குப் பாடம் கற்பிக்கும் முறையைப் பற்றிய வகுப்பில் அமர்ந்திருந்தபோதுதான் எனக்கு ஓர் உண்மை உறைத்தது. நான் சரிபார்த்தது கூட்டலை மட்டுமே. அக்குறிப்பேட்டில் 'பருப்பு' என்றும் அதனெதிரே ஒரு தொகையும் இருக்கும். எத்தனை எடை, எடைக்கு என்ன விலை என்பது இராது. கடையிலும் எந்தப் பொருள் மீதும் விலை எழுதியிருந்ததாக எனக்கு நினைவில்லை. கூட்டல் சரியாக இருந்தது. விலை சரியாக இருந்ததா என்று நானும் கேட்கவில்லை, தந்தையாரும் கேட்கவில்லை. கேட்கும் வழியும் எங்களுக்குத் தெரியவில்லை.

இதனைக் கூறுவதால் அக்கடைக்காரரைப் பழிப்பதாக எவரும் எண்ணலாகாது. மழைக்காலத்தில் பால்வெட்டு நின்று சம்பளம் பாதியாகிப் போன மாதங்களில், எங்கள் அடுப்பை எரியவைத்தது அவர் கொடுத்த கடனே. கடன் வைத்துவிட்டு இரவோடிரவாகத் தோட்டம் மாறிப் போனவர்களால் அவர் பட்ட நட்டமும் உண்டு. அந்நட்டத்தின் பங்கு நேர்மையாகக் கடன் தீர்த்தவர்கள் வாங்கிய பருப்பின் விலையில் ஏறியிருக்கும் என்பதே நான் பின்னர் ஊகித்தது. குறை மனிதரிடம் இருந்ததை விட, விலை கண்ணுக்குத் தெரியாத அந்த முறையிலேயே இருந்தது.

போரும் பஞ்சமும்: 1946-ஆம் ஆண்டுச் சட்டம்

இனி நாட்டு வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கித் தொடர்வோம். 1942 முதல் 1945 வரை நிகழ்ந்த சப்பானியர் ஆட்சியில் அரிசி வரத்து அற்றுப்போனது. பங்கீட்டு முறை வந்தது. பங்கீடு நாளுக்கு நாள் சுருங்கியது. மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. 'வாழைமர நோட்டு' என்று மக்கள் அழைத்த பணம் கணக்கின்றி அச்சிடப்பட்டமையால் விலைவாசி பன்மடங்கு பெருகியது. போர் முடிந்தவுடன் திரும்பி வந்த பிரிட்டிஷ் இராணுவ நிருவாகம் அந்நோட்டுகள் செல்லா என்று அறிவித்தது. ஒரே நாளில் மக்களின் கையிருப்பு வெற்றுத்தாளாயிற்று.

அந்நிருவாகமும் பொருள்களுக்கு விலை விதித்தது. ஆனால் விதித்த விலைக்குச் சரக்கு இல்லை. சரக்கு இருந்த இடத்தில் விதித்த விலை இல்லை. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளாகிய 'பி.எம்.ஏ.' என்பதற்குக் 'கறுப்புச் சந்தை நிருவாகம்' என்று மக்கள் எள்ளி விரிவுரை கூறினார்கள்.

இச்சூழ்நிலையில் பிறந்ததே 1946-ஆம் ஆண்டு விலைக் கட்டுப்பாட்டுச் சட்டம். விலைக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவரை நியமித்து, பொருள்களுக்கு உச்ச விலை விதிக்கும் அதிகாரத்தை அது வழங்கியது. போர்க்காலத் துன்பத்தைத் தீர்க்கப் பிறந்த அச்சட்டம் விடுதலைக்குப் பின்னும் நிலைத்து, 2011-ஆம் ஆண்டில் புதிய சட்டம் வரும் வரையில் 65 ஆண்டுகள் நம் மளிகைக் கடைகளை ஆண்டது.

அவசரகாலத்தில் கடை

1948 முதல் 1960 வரை நிலவிய அவசரகாலத்தில் அரசாங்கத்தின் கை கடைக்குள் இன்னும் ஆழமாகப் புகுந்தது. இம்முறை நோக்கம் விலையன்று. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு சென்றடையாமல் தடுப்பதே நோக்கம். அரிசி பங்கீடு செய்யப்பட்டது. கடைக்காரர் விற்பனையைப் பதிந்து வைக்க வேண்டியிருந்தது. பல பகுதிகளில், டின்னில் அடைத்த உணவை விற்கும்போதே அதனைத் துளையிட்டுக் கொடுக்க வேண்டும் என்ற விதி இருந்தது. துளையிட்ட டின்னைப் பதுக்கி வைக்க இயலாதன்றோ? சில இடங்களில் அரிசியைச் சோறாகவே சமைத்து வழங்கினார்கள். அவசரகாலம் முடிந்த மறு ஆண்டில், 1961-இல், வழங்கல் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. விலைக்கு ஒரு சட்டம், சரக்கின் நடமாட்டத்திற்கு ஒரு சட்டம் என்று இரு தூண்கள் அமைந்தன.

எடையும் விலையும் வெளிச்சத்திற்கு வந்தமை

1970-களில் புதியதொரு திருப்பம் நேர்ந்தது. 1973-இன் இறுதியில் உலக எண்ணெய் விலை உயர்ந்தது. 1974-இல் நம் நாட்டில் விலைவாசி ஏறத்தாழ 17 விழுக்காடு உயர்ந்தது. அதே வேளையில் இரப்பர் விலை சரிந்தது. வாங்கும் பொருள் ஏற, விற்கும் பொருள் இறங்க, அவ்வாண்டு இறுதியில் பாலிங் வட்டாரத்துச் சிறுதோட்டக்காரர்கள் தெருவில் இறங்கினார்கள். கோலாலம்பூரில் மாணவர்களும் அவர்களுக்காகக் குரல் எழுப்பினார்கள். மளிகைக் கடையின் விலை நாட்டின் அரசியலையே அசைக்கவல்லது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இக்காலத்தில்தான் பயனீட்டாளர் இயக்கமும் வேரூன்றியது. 1965-இல் சிலாங்கூரிலும் பின்னர்ப் பினாங்கிலும் சங்கங்கள் தோன்றின. 1973-இல் நாடு தழுவிய கூட்டமைப்பு உருவாயிற்று. விலை குறைவதை மட்டும் கேளாமல், சரியான எடையையும் உண்மையான விவரத்தையும் கேட்கும் பழக்கம் பிறந்தது. 1972-இல் எடை அளவைச் சட்டமும், பொய்யான வாணிக விவரங்களைத் தண்டிக்கும் சட்டமும் இயற்றப்பட்டன.

எடைச் சட்டத்தின் பயனாகக் காத்தியும் தாகிலும் படிப்படியாக விடைபெற்றுக் கிலோகிராம் வந்தது. 16 தாகில் ஒரு காத்தி. ஒரு காத்தி ஏறத்தாழ 605 கிராம். 1980-களின் தொடக்கத்தில் இம்மாற்றம் எங்கள் தோட்டத்தை எட்டியபோது பெரியவர்கள் மிகவும் தடுமாறினார்கள். காத்தி 2 வெள்ளிக்கு விற்ற மீன், கிலோ 3 வெள்ளி 31 காசுக்கு விற்றால் விலை ஏறவில்லை. 3 வெள்ளி 50 காசுக்கு விற்றால் ஏறியிருக்கிறது. இவ்வேறுபாட்டைக் கண்டறிய வகுத்தல் கணக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தம் தாய்மாருடன் கடைக்குச் சென்று விலை சொல்லிக் கொடுத்த காலம் அது. சட்டம் தந்த பாதுகாப்பை வீட்டுக்குக் கொண்டு சேர்த்தவர்கள் அப்பிள்ளைகளே என்றால் மிகையாகாது.

1990-இல் உள்நாட்டு வாணிபத்திற்கும் பயனீட்டாளர் நலனுக்கும் தனி அமைச்சு அமைக்கப்பட்டது. 1993-இல் வந்த ஆணை, சில்லறை வணிகர் தாம் விற்கும் பொருள்களின் விலையைத் தெளிவாகக் காட்டுதல் வேண்டும் என்று விதித்தது. இன்று எந்தச் சிற்றூர்க் கடையிலும் நாம் காணும் விலை அட்டைகளுக்குப் பின்னால் இந்த ஆணை நிற்கிறது. 1999-இல் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தொடர்ந்தது. பண்டிகைக் காலங்களில் குறிப்பிட்ட பொருள்களுக்கு உச்ச விலை விதித்து, இளஞ்சிவப்பு அட்டையில் அவ்விலையை எழுதி வைக்கச் செய்யும் திட்டமும் வழக்கத்திற்கு வந்தது. விலையைக் கட்டுதலும் விலையைக் காட்டுதலும் ஓர் அட்டையில் இணைந்த இடம் அது.

2011-ஆம் ஆண்டில் விலைக் கட்டுப்பாடு மற்றும் கொள்ளை இலாபத் தடுப்புச் சட்டம் பழைய 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது. உச்ச விலை விதிக்கப்படாத பொருளிலும் அளவுக்கு மீறிய இலாபம் எடுப்பது குற்றம் என்பது அதன் புதுமை. குற்றம் புரியும் தனி மனிதருக்கு 1 இலட்சம் வெள்ளி வரையிலும், நிறுவனத்திற்கு 5 இலட்சம் வெள்ளி வரையிலும் அபராதம் விதிக்க அது இடமளித்தது. 2015 ஏப்ரல் முதல் நாளன்று 6 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, வரியைச் சாக்காக வைத்து இலாபத்தைக் கூட்டுவோரைத் தடுக்க இச்சட்டமே கருவியாயிற்று.

வரலாறு கற்பிக்கும் பாடம்

இத்தனை சட்டங்களும் வென்றனவா? நடுநின்று நோக்கின், விலையைக் கட்டும் முறை வென்ற இடமும் உண்டு. தோற்ற இடமும் உண்டு. 2023-ஆம் ஆண்டு நிகழ்ச்சி இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். அவ்வாண்டு சூலையில் இந்தியா, பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடை செய்தது. செப்டம்பர் முதல் நாளன்று நம் நாட்டில் இறக்குமதி அரிசி டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியாக உயர்ந்தது. உள்நாட்டு அரிசியின் விலையோ கிலோவுக்கு 2 வெள்ளி 60 காசு என்று கட்டப்பட்டிருந்தது. விளைந்தது என்ன? மலிவான உள்நாட்டு அரிசி பல கடைகளின் அடுக்குகளிலிருந்து மறைந்தது. 1919-இல் கற்ற பாடத்தையே 104 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கற்றோம். கட்டிய விலைக்கும் சந்தை விலைக்கும் இடைவெளி பெருகும்போது சரக்கு அந்த இடைவெளி வழியே ஒழுகிப் போகும். கிலோ 2 வெள்ளி 50 காசுக்கு விற்கும் உதவித்தொகை சமையல் எண்ணெய்ப் பொட்டலத்தின் கதையும் இத்தகையதே. ஏழைக்கென்று ஒதுக்கிய பொட்டலம் எல்லை கடந்து கடத்தப்பட்ட செய்திகளை நாளேடுகளில் படித்திருக்கிறோம்.

இதனால் விலைக் கட்டுப்பாடே வேண்டாம் என்பது என் கருத்தன்று. போரும் பஞ்சமும் நேரும்போது விலையைக் கட்டாமல் விட்டால் முதலில் பசித்திருப்பவன் ஏழையே. சரக்கு கையிருப்பில் உள்ள வரையில், குறுகிய காலத்திற்கு, கட்டும் முறை காப்பாற்றும். ஆனால் நெடுங்காலத்திற்கு மக்களுக்கு உறுதுணையாக நிற்பது காட்டும் முறையே ஆகும். விலையும் எடையும் வெளிப்படையாக இருந்தால் இரண்டு கடைகளை ஒப்பிடலாம், கேள்வி கேட்கலாம், முறையிடலாம். விலை தெரியாதவனுக்குச் சட்டம் இருந்தும் பயனில்லை. எங்கள் 555 குறிப்பேட்டின் காலத்தில் 1946-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில்தான் இருந்தது. அதன் பெயரைக்கூட எங்கள் இலயத்தில் எவரும் அறிந்திருக்கவில்லை.

காட்டும் சட்டத்திற்கு ஒரு நிபந்தனை உண்டு. காட்டுவதைப் படிக்கத் தெரிந்த கண் வேண்டும். இன்றைய பேரங்காடிகளில் விலை அட்டை உண்டு. ஆயினும் 850 கிராம் பொட்டலமும் 1 கிலோ பொட்டலமும் ஒரே உருவில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. விலை ஏறாமல் எடை குறைந்திருப்பதைக் கண்டறிவது எப்படி? அன்று காத்தியைக் கிலோவாக மாற்றிய அதே வகுத்தல் கணக்குத்தான் இன்றும் வழி காட்டும்.

ஆதலின் தமிழ் ஆசிரியப் பெருமக்கள் இவ்வரலாற்றைத் தம் வகுப்பறைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். என் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களை, வீட்டில் வாங்கிய பொருள்களின் பற்றுச்சீட்டையும் காலிப் பொட்டலங்களையும் கொண்டுவரச் செய்து, 100 கிராமுக்கு என்ன விலை என்று கணக்கிடச் செய்வது வழக்கம். சென்ற முறை ஒரு மாணவி தன் கணக்கை என்னிடம் காட்டி, "ஐயா, கூட்டல் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுக்கில் போட்டிருந்த விலை வேறு, சீட்டில் போட்டிருக்கும் விலை வேறு" என்றாள். அடுத்த நாள் அவள் தாயார் கடைக்குச் சென்று கேட்டு, வேறுபட்ட 60 காசைத் திரும்பப் பெற்று வந்தார்.

அறுபது காசு பெரிய தொகை அன்று. ஆனால் 11 வயதில் நான் கேட்கத் தெரியாமல் விட்ட கேள்வியை அதே வயதில் அச்சிறுமி கேட்டுவிட்டாள். விலையைக் காட்டும்படி சட்டம் செய்தது அரசாங்கத்தின் கடமை. காட்டிய விலையைப் படித்து, ஒப்பிட்டு, அஞ்சாது கேட்கும் மக்களை உருவாக்குவது நம் கடமை. அக்கடமையை நாம் செவ்வனே ஆற்றுவோமாக!